மாமனார் மாமியாரோட வியட்நாம் டூர்: போறதுக்கு முன்னாடி சிங்கப்பூருக்குத் திரும்பி வர்றதை யோசிங்க

சிங்கப்பூர் யீஷூன்லேருந்து ஒரு சகோதரி நீளமா எழுதியிருக்காங்க. அடையாளம் தெரியக்கூடாதுன்னு சில விவரங்களை மாத்தி, சுருக்கிச் சொல்றேன். அவங்க இங்கயே பொறந்த சிங்கப்பூர் சிட்டிசன், கணவர் தஞ்சாவூர் பக்கம், இந்தியன் பாஸ்போர்ட், பல வருஷமா இங்க பி.ஆர். (நிரந்தரவாசி). ஒரே மகன், 17 வயசு, பாலிடெக்னிக் படிக்கறார், அவரும் சிட்டிசன். நவம்பர் நடுவுல மாமனாரும் மாமியாரும் ஊர்லேருந்து வந்திருக்காங்க, ஏர்போர்ட்ல 30 நாள் குடுத்திருக்காங்க. டிசம்பர் ரெண்டாவது வாரம் எல்லாருமா ஆறு நாள் வியட்நாம் போயிட்டு வரலாம்னு பிளான். கணவர் என்ன சொல்றார்னா, "போயிட்டு வந்தா அப்பா அம்மாவுக்குப் புதுசா 30 நாள் விழும், பொங்கல் வரைக்கும் இங்கயே இருக்கட்டும்." தேக்கா (லிட்டில் இந்தியா) ஏஜென்ட் ஒருத்தர் "சிங்கப்பூர் விசா கையில இருந்தா வியட்நாமுக்குத் தனியா விசா வேணாம், ஆன் அரைவல்ல முடிச்சுடலாம், நான் லெட்டர் வாங்கித் தர்றேன்"னு தலைக்கு 150 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்) கேக்கறாராம். கணவரோட ரீ-என்ட்ரி பெர்மிட் (ஆர்.இ.பி., பி.ஆர். ஆளுங்க வெளிய போயிட்டு வர்றதுக்கான அனுமதி) டிசம்பர்லயே முடியுது, அதை "வந்து பாத்துக்கலாம்"ங்கறார். மகனுக்கு என்.எஸ். (கட்டாய தேசிய சேவை) எக்ஸிட் பெர்மிட், அதாவது வெளிநாடு போக அனுமதி, எடுக்கணுமோன்னு பயம். மாமியார் பாஸ்போர்ட்ல ஒரே ஒரு பேர்தான், குடும்பப் பேர் காலி. மாமனாருக்குச் சர்க்கரை, இன்சுலின் போடறார். கடைசியில ஒரு வரி எழுதியிருக்காங்க: "அத்தை இதுவரைக்கும் டூர்னு எங்கயும் போனதில்லை சார், பேரனோட ஒரு தடவை போகணும்னு ஆசைப்படறாங்க, அதை நான் கெடுத்துடக் கூடாது."

அன்புள்ள சகோதரி,

நீங்க எதையும் கெடுக்கல, டிக்கெட் போடறதுக்கு முன்னாடி கேட்டீங்களே, அதுவே பெரிய விஷயம். நான் குடிநுழைவு சம்பந்தப்பட்ட கேஸ்கள் பாக்கற வக்கீல். எங்கிட்ட வர்ற குடும்பங்கள் முக்கால்வாசி டிக்கெட்டு, ஹோட்டல் எல்லாம் போட்டு முடிச்ச பிறகுதான் வருவாங்க. உங்களுக்கு இன்னும் எல்லா வழியும் திறந்திருக்கு.

முதல்ல ஒண்ணு சொல்லிடறேன், மீதி எல்லாம் அதுலேருந்துதான் வரும். நீங்க அஞ்சு பேரும் ஒரே குடும்பம், ஆனா கவுன்டர்ல உக்காந்திருக்கற ஆபீசருக்கு நீங்க அஞ்சு தனி ஆளுங்க. உங்களுக்கும் மகனுக்கும் சிங்கப்பூர் பாஸ்போர்ட், வியட்நாம்ல 30 நாள் வரைக்கும் விசாவே வேணாம். கணவர், மாமா, அத்தை மூணு பேருக்கும் இந்தியன் பாஸ்போர்ட், மூணு பேருக்கும் விசா வேணும். கணவரோட பி.ஆர். கார்டு சிங்கப்பூருக்குள்ளதான் பேசும், வியட்நாம் ஆபீசர் அதைப் பாக்கவே மாட்டார். இதுக்கு மேல, மூணு பேர்ல ஒவ்வொருத்தரும் சிங்கப்பூருக்குத் திரும்பி வர்ற விதமும் வேற வேற. நீங்க கடிதத்துல நிறைய கவலைப்பட்டிருக்கறது வியட்நாம் விசாவைப் பத்தி, அது உண்மையில சுலபமான பகுதி. எனக்குக் கவலை சாங்கி ஏர்போர்ட்ல திரும்பி இறங்கற நேரம்தான்.

மாமா, அத்தை திரும்பி வர்றது

இங்க நிறைய பேருக்குக் குழப்பம் இருக்கு, அதனால கொஞ்சம் பொறுமையா சொல்றேன். ஊர்லேருந்து வரும்போது அவங்களுக்குக் கிடைச்சது ரெண்டு தனித்தனி விஷயம். ஒண்ணு விசா, நீங்களோ கணவரோ லோக்கல் கான்டாக்டா இருந்து ஐ.சி.ஏ.ல (சிங்கப்பூர் குடிநுழைவு ஆணையம்) அப்ளை பண்ணி வாங்கினது, அது சாங்கி வரைக்கும் வந்து "உள்ள வரலாமா"ன்னு கேக்கறதுக்கான அனுமதி. இன்னொண்ணு விசிட் பாஸ், அது கவுன்டர்ல ஆபீசர் பாத்துக் குடுக்கறது, 30 நாள்னு ஈமெயில்ல வந்தது அதுதான். வியட்நாம் கிளம்பி சோதனைச்சாவடி தாண்டின உடனே அந்த விசிட் பாஸ் முடிஞ்சு போச்சு, மிச்சம் நாள் இருந்தாலும் சரி. திரும்பி வரும்போது எல்லாம் முதல்லேருந்து.

அதனால இன்னைக்கே அந்த இ-விசா தாளை எடுத்துப் பாருங்க. அதுல ஒரு தடவை நுழையறதுக்கா, பல தடவை நுழையறதுக்கான்னு போட்டிருக்கும், எந்தத் தேதி வரைக்கும் செல்லும்னும் இருக்கும். ஒரு தடவைன்னு இருந்தா அது நவம்பர்லயே செலவாயிடுச்சு, புது விசா இல்லாம வியட்நாம்லேருந்து சிங்கப்பூர் பிளைட்டுல ஏத்தவே மாட்டாங்க, வயசானவங்க ரெண்டு பேரும் ஹோ சி மின் ஏர்போர்ட்ல நின்னுட்டிருப்பாங்க, நீங்க மூணு பேரும் போர்டிங் பாஸோட என்ன செய்யறதுன்னு தெரியாம முழிப்பீங்க. பல தடவைன்னு இருந்தா வரலாம். ஆனா வரலாம்ங்கறது வேற, 30 நாள் உறுதிங்கறது வேற.

உங்க கணவர் நினைக்கறது இங்க நெறைய பேர் நினைக்கறதுதான், ஜேபிக்கு (பக்கத்துல மலேசியாவுல இருக்கற ஜொகூர் பாரு) போயிட்டு வந்தா நாள் புதுசாகிடும்னு காலங்காலமா சொல்லிட்டிருக்காங்க. அப்படி ஒரு உரிமை சட்டத்துல கிடையாது. உள்ள விடறதா, எத்தனை நாள் குடுக்கறதுங்கறது முழுக்க ஆபீசரோட முடிவு. 30 நாள் முழுசா இருந்துட்டு ஆறு நாள் வெளிய போயிட்டு உடனே திரும்பி வர்றாங்கன்னா, நாளை நீட்டத்தான் இப்படிச் செய்யறாங்களோன்னு அவருக்குத் தோணலாம், கேள்வி கேக்கலாம், கம்மி நாள் குடுக்கலாம், திருப்பியும் அனுப்பலாம். கண்டிப்பா மறுப்பாங்கன்னு நான் சொல்லல, எத்தனையோ பேர் சுலபமா வந்துடறாங்க. ஆனா 70 வயசைத் தொடற ரெண்டு பேரை வெச்சு இந்த நம்பிக்கையில பிளான் போடாதீங்க.

பொங்கல் வரைக்கும் இருக்கணுங்கறதுதான் நோக்கம்னா அதுக்கு நேர்வழி இருக்கு. விசிட் பாஸ் முடியறதுக்கு முன்னாடியே ஐ.சி.ஏ. வெப்சைட்ல நீட்டிப்புக்கு அப்ளை பண்ணுங்க, சிட்டிசனான நீங்களே ஸ்பான்சரா இருக்கலாம். பொதுவா வந்த நாள்லேருந்து 89 நாள் வரைக்கும் இதுல கேக்கலாம். நவம்பர் நடுவுலேருந்து ஜனவரி நடு வரைக்கும் கணக்குப் போட்டா ரெண்டு மாசம்தான் வருது. இதுவும் அவங்க முடிவுதான், கேட்டா கிடைச்சே தீரும்னு இல்ல, ஆனா காரணத்தை வெளிப்படையா எழுதிக் கேக்கறதுக்கும் சுத்திப் போயிட்டு வர்றதுக்கும் ஆபீசர் பார்வையில நிறைய வித்தியாசம் இருக்கு. ஒரே ஒரு எச்சரிக்கை: நீட்டிச்சு வாங்கின பிறகு வியட்நாம் போனா அந்த நீட்டிப்பும் போயிடும்.

நாள் தாண்டி இருந்துட மட்டும் வேணாம். "ரெண்டு நாள்தானே"ன்னு விட்டுடறாங்க. 90 நாள் வரைக்கும் கூடுதலா தங்கினாலே 4,000 வெள்ளி வரைக்கும் அபராதமோ, 6 மாசம் வரைக்கும் ஜெயிலோ, ரெண்டுமோ கிடைக்கலாம், அதுக்கப்புறம் சிங்கப்பூருக்கு வர்றதே கஷ்டமாயிடும்.

உங்க பக்கத்து வீட்டுக்காரர் சொன்ன 96 மணி நேர விசா இல்லாத டிரான்சிட்டும் இவங்களுக்கு ஆகாது. அது அமெரிக்கா, பிரிட்டன், ஆஸ்திரேலியா, ஜப்பான் மாதிரி குறிப்பிட்ட சில நாட்டு விசா கையில வெச்சிருக்கற இந்தியர்களுக்கு மட்டும்தான், அதுவும் வேற நாட்டுக்குப் போற வழியில.

கணவரோட ரீ-என்ட்ரி பெர்மிட்

இதைப் படிச்சதும்தான் எனக்கு நிஜமாவே பதறிச்சு. இதை நீங்க கடிதத்துல அரை வரியில தாண்டிட்டீங்க, ஆனா மொத்தக் கடிதத்துலயும் பெரிய ஆபத்து இதுதான். பி.ஆர்.ங்கறது உள்ள இருக்கறதுக்கு, அந்த அந்தஸ்தோட வெளிய போயிட்டு வர்றதுக்கு ஆர்.இ.பி. வேணும். செல்லுபடியான ஆர்.இ.பி. இல்லாம நாட்டுக்கு வெளிய இருந்தா பி.ஆர்.ஏ போயிடலாம். 2025 டிசம்பர் 1 முதல் விதி மாறியிருக்கு, வெளிய இருக்கும்போது ஆர்.இ.பி. இல்லாம மாட்டிக்கிட்டவங்களுக்கு மறுபடி அப்ளை பண்ண 180 நாள் அவகாசம் குடுக்கறாங்க. அதைக் கேட்டுட்டு "அப்போ ஒண்ணும் ஆகாது"ன்னு கணவர் சொல்லிடக் கூடாது, ஏன்னா அப்ளை பண்ணலாம்னுதான் சொல்றாங்க, கிடைக்கும்னு சொல்லல. இத்தனை வருஷ வேலை, சி.பி.எஃப். (மத்திய சேமநிதி), வீடு எல்லாத்தையும் ஆறு நாள் டூருக்காகப் பணயம் வெக்கணுமா?

முடியற தேதிக்கு மூணு மாசம் முன்னாடியே புதுப்பிக்க அப்ளை பண்ணலாம், அதனால இப்பவே சிங்பாஸ் (அரசாங்க ஆன்லைன் கணக்கு) வழியா போய்ப் பண்ணிடுங்க. புது ஆர்.இ.பி. கையில வந்த பிறகு டிக்கெட் போடுங்க, வரலைன்னா அவர் கிளம்ப வேணாம், அப்பா அம்மா கூடப் போறதுக்கு மனசு கெடந்து அடிச்சுக்கிட்டாலும் சரி. சமீபத்துல பாஸ்போர்ட் புதுப்பிச்சிருந்தார்னா புது நம்பரை ஐ.சி.ஏ.ல அப்டேட் பண்ணியிருக்காரான்னும் பாருங்க.

வியட்நாம் விசா: ஏஜென்ட் சொன்னது

அவர் ஏமாத்தத்தான் சொன்னார்னு நான் சொல்ல மாட்டேன், ரெண்டு விஷயத்தைக் கலந்துட்டார்னு நினைக்கறேன். ஃபூ குவோக்னு ஒரு தீவு இருக்கு, வெளிநாட்டுலேருந்து நேரா அங்க இறங்கி அந்தத் தீவுலயே இருந்துட்டுத் திரும்பறதா இருந்தா எந்த நாட்டுக்காரருக்கும் 30 நாள் வரைக்கும் விசா வேணாம். நீங்க போறது ஹோ சி மின் சிட்டியும் டா நாங்கும், அங்க அந்தச் சலுகை கிடையாது. சிங்கப்பூர் விசா இருக்குங்கறதும் அங்க எந்தக் கணக்குலயும் வராது.

மூணு பேருக்கும் இ-விசா எடுங்க, நீங்களே வீட்டுல உக்காந்து எடுத்துடலாம். 2023 ஆகஸ்ட் 15 முதல் 90 நாள் வரைக்கும் குடுக்கறாங்க. ஒரு தடவை நுழைய 25 அமெரிக்க டாலர், பல தடவைக்கு 50, கிடைக்கலைன்னாலும் பணம் திரும்ப வராது. உங்களுக்கு 25 டாலர் விசாவே போதும், ஏஜென்ட் கேக்கற 150 வெள்ளி எதுக்குன்னு நீங்களே பாத்துக்கோங்க. அரசாங்க வெப்சைட் முகவரி 'ஜி.ஓ.வி. டாட் வி.என்.'னு முடியும், அதே மாதிரி டிசைன்ல நிறைய போலி சைட் இருக்கு, கூகுள்ல மேல விளம்பரமா வர்றதை நம்பாதீங்க. மூணு வேலை நாள்னு சொல்வாங்க, ஆனா ரெண்டு மூணு வாரம் முன்னாடியே போட்டுடறது நல்லது.

ஃபார்ம்ல தப்பு நடக்கற இடம் மூணு. பாஸ்போர்ட் நம்பர்ல சைபருக்கும் 'ஓ'வுக்கும் குழப்பம். அப்புறம் எந்த ஏர்போர்ட் வழியா நுழையறோம்னு குடுக்கற இடம், அதுல நீங்க நிஜமா இறங்கப் போற ஏர்போர்ட்டைக் குடுங்க. மூணாவது தேதி, விசாவுல போட்ட தேதிக்கு ஒரு நாள் முன்னாடி போனாலும் விட மாட்டாங்க. சின்னத் தப்பா இருந்தாலும் திரும்பப் பணம் கட்டி முதல்லேருந்து போடறதுதான் வழி. போட்டோல மாமாவுக்குக் கண்ணாடி வேணாம். வந்த விசாவை ரெண்டு பிரின்ட் எடுத்து வெச்சுக்கோங்க, போன் சார்ஜ் போன நேரத்துலதான் கேப்பாங்க.

அத்தையோட ஒத்தைப் பேர்

நம்ம ஊர்ல இனிஷியலோட பேர் வெக்கற பழக்கத்துல பாதிப் பேருக்கு பாஸ்போர்ட்ல குடும்பப் பேர் காலியாதான் இருக்கு, அத்தை மட்டும் இல்ல. ஒத்தைப் பேருக்கு விசாவே குடுக்க மாட்டாங்கன்னு நீங்க கேள்விப்பட்டது துபாய் பக்கத்து விதி, அங்க 2022 நவம்பர்லேருந்து விசிட் விசாவுக்கு அப்படி ஒரு கட்டுப்பாடு இருக்கு. வியட்நாமுக்கு அதை இழுத்துப் போட்டுக்காதீங்க. பாஸ்போர்ட் போட்டோ பக்கத்துல கீழ ரெண்டு வரி பெரிய எழுத்துல இருக்கும்ல, அதுல பேர் எப்படி இருக்கோ அதே மாதிரி விசா ஃபார்ம்ல வரணும். தொந்தரவு வர்றது டிக்கெட்லதான், ஏர்லைன் சைட் குடும்பப் பேர் இல்லாம அடுத்த பக்கத்துக்கே போக விடாது. ஒவ்வொரு ஏர்லைனும் ஒவ்வொரு மாதிரி சொல்வாங்க, சிலர் அதே பேரை ரெண்டு தடவை போடச் சொல்வாங்க. புக் பண்றதுக்கு முன்னாடி அவங்களுக்கே போன் போட்டுக் கேளுங்க, தாத்தா பேரையோ மாமா பேரையோ நீங்களா சேத்துடாதீங்க.

மகன்

எக்ஸிட் பெர்மிட் பயத்தை விட்டுடுங்க. பதினாறரை வயசு தாண்டின என்.எஸ். பையன்கள் மூணு மாசமோ அதுக்கு மேலயோ வெளிய இருந்தாத்தான் அது வேணும். ஆறு நாளுக்கு ஒண்ணும் வேணாம், பதிவோ மெடிக்கல் செக்கப்போ அந்த வாரத்துல விழலையேன்னு மட்டும் பாத்துக்கோங்க. அதைவிட அவர் பாஸ்போர்ட்டைப் பாருங்க. 16 வயசுக்குள்ள எடுத்த சிங்கப்பூர் பாஸ்போர்ட் 5 வருஷம்தான், 12 வயசுல எடுத்ததா இருந்தா இந்நேரம் முடியற கட்டத்துல இருக்கும். ஆறு மாசமாவது பாக்கி இருக்கணும், அது உங்க எல்லாருக்குமே.

தனியாக் கூப்பிட்டு இன்னொண்ணும் சொல்லுங்க, திட்டற மாதிரி இல்லாம. வேப் (இ-சிகரெட்) வியட்நாம்ல 2025லேருந்து தடை, இங்க எப்பவோ தடை, வாங்கிட்டு வந்தா சாங்கியில பிடிப்பாங்க. போதைப் பொருள் விஷயத்துல நம்ம சட்டம் சிட்டிசன், பி.ஆர். ரெண்டு பேரையும் வெளிநாட்டுல பயன்படுத்தினாலும் இங்க பயன்படுத்தின மாதிரியே நடத்தும். 17 வயசுப் பையனுக்கு இது தெரிஞ்சிருக்கணும்.

மருந்து, இன்ஷூரன்ஸ்

இன்சுலினைக் கையோட கொண்டு போற பையிலயே வெச்சுக்கோங்க, பெட்டியில போட்டா அடியில குளிர்ல உறைஞ்சு கெட்டுப் போக வாய்ப்பிருக்கு. டாக்டர்கிட்ட இங்கிலீஷ்ல ஒரு லெட்டர், மருந்து எல்லாம் கடை அட்டையோட. 100 மில்லி திரவக் கட்டுப்பாடு மருந்துக்குக் கிடையாது, செக்யூரிட்டியில நீங்களே முன்னாடி எடுத்துக் காட்டிடுங்க. வியட்நாம் நேரம் நமக்கு ஒரு மணி நேரம் பின்னாடி, ஊசி நேரத்தை டாக்டர்கிட்ட கேட்டுக்கோங்க. மாமா வலிக்கு, தூக்கத்துக்குன்னு ஊர் மாத்திரை எதாவது வெச்சிருந்தா, கோடீன் கலந்ததுக்கும் தூக்க மாத்திரைக்கும் சிங்கப்பூருக்குள்ள கொண்டு வர எச்.எஸ்.ஏ. (சுகாதார அறிவியல் ஆணையம்) அனுமதி தேவைப்படலாம், திரும்பி வரும்போதும் இது பொருந்தும். அத்தை வெத்தலையோட போடற புகையிலை இங்க தடை செஞ்ச பொருள், அதை விட்டுட்டு வரச் சொல்லுங்க. அடுத்த தடவை ஊர்லேருந்து வரும்போது கசகசாவும் வேணாம், நமக்கு அது குருமா சாமான், இங்க போதைப் பொருள் தடுப்புப் பிரிவோட தடைப் பட்டியல்ல இருக்கு.

இன்ஷூரன்ஸ்ல நீங்க ஃபேமிலி பிளான் எடுத்தா அஞ்சு பேருக்கும் ஆச்சுன்னு எழுதியிருக்கீங்க. இங்க விக்கற டிராவல் பாலிசி பெரும்பாலும் சிட்டிசன், பி.ஆர்., நீண்ட கால பாஸ் வெச்சிருக்கறவங்களுக்குத்தான், விசிட் பாஸ்ல வந்தவங்க அதுல சேர மாட்டாங்க. பணம் கட்டிடலாம், கிளெய்ம் பண்ணும்போதுதான் இல்லம்பாங்க. ஊர்லேருந்து கிளம்பும்போது எடுத்த பாலிசி இருந்தா வியட்நாமும் அதுல அடங்குதா, சர்க்கரை மாதிரி ஏற்கெனவே இருக்கற நோய்க்குக் குடுப்பாங்களான்னு படிச்சுப் பாருங்க. இல்லைன்னா மாமாவைக் கூட்டிட்டுப் போறதைப் பத்தி நான் நல்லா யோசிப்பேன்.

நான் உங்க இடத்துல இருந்தா

டிசம்பர் வியட்நாமை விட்டுடுவேன். டா நாங் பக்கம் அக்டோபர்லேருந்து டிசம்பர் வரைக்கும் மழைக்காலம், சில வருஷம் வெள்ளமே வரும், வயசானவங்களோட அதுல அலைய வேணாம். விசிட் பாஸை நீட்டிக்கக் கேப்பேன், பொங்கல் தேக்காவுல நல்லாக் கொண்டாடுவோம், அதுக்கப்புறம் ஒரு வாரக்கடைசியில எல்லாருமா கோலாலம்பூர் போயி, பத்துமலை ஏறி இறங்கிட்டு, மாமாவையும் அத்தையையும் அங்கேருந்தே திருச்சி பிளைட்டுல ஏத்தி விட்டுடுவேன். இப்படிப் போனா அவங்க சிங்கப்பூருக்குத் திரும்பி வரவே தேவையில்ல, அந்த மொத்தப் பயமும் போயிடும். இந்தியன் பாஸ்போர்ட்டுக்கு மலேசியாவுல 30 நாள் விசா வேணாம், அந்தச் சலுகையை 2026 டிசம்பர் 31 வரைக்கும் நீட்டிச்சிருக்காங்க, நீங்க போற தேதி அதுக்குள்ள வருதான்னு பாத்துக்கோங்க. போறதுக்கு முன்னாடி மூணு நாளுக்குள்ள எம்.டி.ஏ.சி.ங்கற மலேசிய டிஜிட்டல் வருகை அட்டையை ஆன்லைன்ல போடணும், அது இலவசம். ஊர் திரும்பற டிக்கெட்டும் ஹோட்டல் புக்கிங்கும் கையில இருக்கட்டும்.

வியட்நாம்தான் வேணும்னு அத்தை ஆசைப்பட்டா அதையும் இதே மாதிரி கடைசியில வெச்சு, ஹோ சி மின் சிட்டி மட்டும் போங்க, ஜனவரியில அங்க மழை இருக்காது. நம்ம தமிழ் ஆளுங்க கட்டின மாரியம்மன் கோயில் ஒண்ணு நடு ஊர்லயே இருக்கு, அங்க போய் ஒரு சூடம் ஏத்தினா அவங்களுக்கு ஊர் ஞாபகம் வரும். சைவம்னா முன்னாடியே சொல்லி வாங்குங்க, காய்கறிப் பொரியல்ல கூட மீன் சாஸ் ஊத்துவாங்க. எப்படியும் டிசம்பர்லயே போயிட்டுத் திரும்பி வர்றதுன்னு முடிவு பண்ணினீங்கன்னா, பல தடவை நுழையற விசா இருந்தா மட்டும் பண்ணுங்க, திரும்பி இறங்கறதுக்கு மூணு நாளுக்குள்ள அவங்க ரெண்டு பேருக்கும் எஸ்.ஜி. அரைவல் கார்டு (சிங்கப்பூர் டிஜிட்டல் வருகை அட்டை) மறுபடி போடுங்க, ஊர் திரும்பற டிக்கெட் பிரின்டும் உங்க வீட்டு விலாசமும் அத்தை கையிலயே குடுங்க. ஆபீசர் கேட்டா உள்ளதை உள்ளபடி சொல்லச் சொல்லுங்க: மகன் வீட்டுக்கு வந்தோம், பொங்கலுக்கு இருக்கணும், இந்தத் தேதியில ஊருக்குப் போறோம். சொல்லிக் குடுத்த பதில் எதுவும் வேணாம்.

முதல்ல விசா தாளையும் ஆர்.இ.பி. தேதியையும் பாத்துட்டு எனக்கு எழுதுங்க. கணவரோட ஆர்.இ.பி. மறுக்கப்பட்டாலோ, நீட்டிப்பு கிடைக்கலைன்னாலோ, அடுத்து என்ன செய்யலாம்னு சேந்து பாக்கலாம்.